குணாளன் மாற்றிய விதி

முதலாவது தாமஸ் கிண்ணப் போட்டி 1949-இல் நடைபெற்றது. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் மலாயா டென்மார்க்கை 8–1 என்னும் கணக்கில் வென்று, பூப்பந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவ்வணியில் தமிழர் எவரும் இலர்.

தமிழர் அவ்விளையாட்டை அறியாதவர் என்று இதனாற் கொள்ளலாகாது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களைப் போன்ற இடங்களில் கிராணிமார் குடியிருப்பை ஒட்டி ஒரு திடல் இருப்பதுண்டு. மண்ணைக் கெட்டித்துச் சுண்ணாம்புக் கோடு இழுத்தால் திடல் ஆயிற்று. ஆனால் திறந்த வெளியில் காற்று பந்தைத் தன் விருப்பப்படி கொண்டு செல்லும். இறகு ஒடிந்தால் புதுப்பந்து வாங்கும் செலவு வேறு. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அத்திடலில் நிற்க மாலைப் பொழுதில் எவ்வளவு நேரம் மிஞ்சும்? தேசிய அரங்குக்குரிய பயிற்சி இங்கே முளைப்பது எளிதன்று.

மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், சிரம்பான் நகரில், 1944-இல் பிறந்தவர் பஞ்சாட்சரம் குணாளன். பஞ்சாட்சரம் என்ற பெயரே சுருங்கிப் 'பஞ்ச்' ஆயிற்று. ஆங்கிலத்தில் குத்து என்று பொருள்படும் அச்சொல்லை அவருடைய ஆட்டத்துக்கு இட்ட பட்டமென்று நினைப்போர் உண்டு. ஐந்தெழுத்து மந்திரத்தின் பெயரே அப்படி உருமாறியது என்பதை அவர்கள் அறியார்.

1970 அவருக்கு வெற்றி ஆண்டு. எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் இங் பூன் பீயுடன் இணைந்து இரட்டையர் தங்கமும், பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும் பெற்றார். மறு ஆண்டு அதே இணை அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றது. 1974-இன் தொடக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கமும் அவருடையதாயிற்று.

அதே ஆண்டு அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்தோனோவை எதிர்கொண்டார். 1968 முதல் அப்பட்டத்தை விட்டுக்கொடாதவர் ஹார்தோனோ. முதற் செட்டைக் குணாளன் வென்றார். அடுத்த இரண்டும் எதிரியின் வசமாயின. ஹார்தோனோவுக்கு அது தொடர்ச்சியாக ஏழாவது பட்டம்.

அக்காலத்து விதியை இங்கே விளக்குதல் வேண்டும். பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கியவர்க்கே புள்ளி கிடைக்கும். மற்றவர் வென்றால் தொடங்கும் உரிமை கைமாறுமேயன்றிப் புள்ளி ஏறாது. ஆடவர்க்குச் செட் ஒன்றுக்கு 15 புள்ளி. மகளிர் ஒற்றையர்க்கு 11 மட்டுமே. உரிமை மாறிமாறிச் செல்ல, ஆட்டம் எப்பொழுது முடியுமென எவராலும் சொல்ல இயலாது. பொறுமையும் மூச்சுத் திறனும் உடையவர்க்கு அவ்விதி அரண். பெருந்தோல்வியின் விளிம்பிலும், உரிமையைத் தடுத்துப் பறித்து ஒவ்வொரு புள்ளியாக ஏறிவர அதில் வழியிருந்தது. குணாளனின் புகழ் முழுதும் அவ்விதியின் கீழ் விளைந்ததே.

அவ்விதியை நீக்க முன்னின்றவரும் அவரே. உலகக் கழகத்தின் துணைத் தலைவராக இருந்தபோது, 2006-இல், ஒவ்வொரு அடிப்போரிலும் வென்றவர்க்கே புள்ளி என்ற 21 புள்ளி முறை நடைமுறைக்கு வர அவர் பெரிதும் பாடுபட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கழகத்தின் தலைமையகம் இங்கிலாந்தின் செல்டனாம் நகரிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்திருந்தது. தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு ஆட்டத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்துவது மாற்றத்தின் முதல் நோக்கம். பழைய ஆட்டத்தின் நெடிய போராட்டச் சுவை போய்விட்டதே என்று வருந்தியவர் கூற்றில் உண்மையுண்டு. எனினும் மகளிர்க்கு 11, ஆடவர்க்கு 15 என்ற வேறுபாடு அன்றே மறைந்தது. பெண்ணின் உடல் வலிமைக்கு விதியே இட்டிருந்த குறைந்த மதிப்பு அது. இன்னும் முன்னரே நீங்கியிருக்க வேண்டும்.

டென்மார்க்கு மகளிரை நோக்கினால் இது தெளிவாகும். பல் மருத்துவரான லேனே கொப்பன் 1977-இல் முதல் உலகப் பட்டத்தையும், 1979, 1980 ஆண்டுகளில் அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் பெற்றார். 1999-இல் உலகப் பட்டமும் 2002-இல் அகில இங்கிலாந்தும் வென்றவர் கமிலா மார்ட்டின். இவ்விருவர் வெற்றிகளும் 21 புள்ளி முறைக்கு முந்தியவை. தீனே பௌன் 21 புள்ளி முறையில் 2008, 2010, 2013 ஆண்டுகளில் அகில இங்கிலாந்தை வென்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 33. இறுதியில் தோற்ற தாய்லாந்தின் ரட்சனோக் இந்தனோனுக்கு வயது 18. அத்துடன் தீனே ஓய்வு பெற்றார்.

குணாளன் 2012 ஆகஸ்டு 15-இல் காலமானார். 2019-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றவர் கிஷோனா செல்வதுரை. அவரும் சிரம்பான் ஊரினரே. முதற் செட்டை இழந்தபின் மற்ற இரண்டையும் கைப்பற்றினார். விதி மாறிய 2006-ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஏழு.