தொடும் கை, தூக்கும் கழுத்து

நாட்பட்ட கழுத்துவலிக்காக பிசியோதெரபிக்குப் போகும் ஒருவர், ஒரே அறையில் எதிரெதிரான இரண்டு கட்டளைகளைக் கேட்க நேர்கிறது. கழுத்தைத் தளர்வாக விட்டுவிட்டுப் படுங்கள் என்பது ஒன்று. இனி நீங்களே அசையுங்கள் என்பது மற்றொன்று. முதலாவதில் நோயாளி எதையும் செய்துவிடக் கூடாது. இரண்டாவதில் அவருக்காக வேறு எவரும் எதையும் செய்ய முடியாது. கைமுறைச் சிகிச்சை, உடற்பயிற்சிச் சிகிச்சை என்ற இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம். கரன்ட் வைப்பது, இழுவை கொடுப்பது, காலர் மாட்டுவது ஆகியவற்றை ஒதுக்கிவைக்கிறேன். மூன்று மாதத்தைத் தாண்டிய கழுத்துவலியில் உண்மையான வழக்கு இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

வலியின் ஊற்றை இரண்டும் வெவ்வேறு இடங்களில் தேடுகின்றன. கைமுறை மூட்டைக் குற்றம் சொல்கிறது: கழுத்து முள்ளெலும்புகளின் பின்பக்கச் சிறுமூட்டுகளில் ஒன்று இறுகிவிட்டது, அதை அசைத்துக் கொடுத்தால் வலி இறங்கும். பயிற்சி தசையைக் குற்றம் சொல்கிறது: முள்ளெலும்புகளை முன்புறம் ஒட்டிக் கிடக்கும் ஆழ்தசைகள் சோர்ந்துவிட்டன, அவற்றின் வேலையை மேல்தசைகள் ஏற்றுக்கொண்டு இறுகுகின்றன, உறங்கும் தசையை எழுப்பினால் வலி இறங்கும். ஒன்றுக்கு எதிரி விறைப்பு. மற்றதற்கு எதிரி சோர்வு.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் அளவு பார்க்கும் முறையில் ஒன்றுபோல் இருப்பதுதான் முதல் வியப்பு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மெயிட்லண்ட், மூட்டை அசைக்கும் விசையைப் படிகளாகப் பிரித்தார். அசைவின் தொடக்கத்தில் மெல்லிய ஆட்டம் முதல் படி. அசைவின் எல்லையில் சிறிய, உறுதியான ஆட்டம் நான்காம் படி. அதற்கும் மேலே, ஒரே சொடக்கில் சட்டென்று தள்ளுவது ஐந்தாவது. அதே நாட்டின் பிரிஸ்பேனில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் க்வென்டலின் ஜல், ஆழ்தசைப் பயிற்சியையும் ஐந்து படிகளாக்கினார். மல்லாந்து படுத்தவரின் பிடரிக்கடியில் ஒரு காற்றுப்பையை வைத்து, பாதரச அளவில் 20 மில்லிமீட்டருக்கு ஊதுகிறார்கள். தலையைத் தூக்காமல், ஆமாம் என்று சொல்வதுபோல் மிக மெதுவாகத் தாடையை இறக்கி, அந்த அழுத்தத்தை 22, 24, 26, 28, 30 என்று உயர்த்தி, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். நாட்பட்ட வலியுள்ளவர்களில் பலர் இரண்டாம் மூன்றாம் படியிலேயே மேல்தசையை இறுக்கிச் சமாளிக்கத் தொடங்குவார்கள். தேர்ந்த கண் அதைக் கழுத்துப் பக்கவாட்டில் கயிறுபோல் எழும் தசையில் கண்டுபிடித்துவிடும். ஒருவர் தம் விரலால் அடுத்தவர் மூட்டை அளக்கிறார். இன்னொருவர் காற்றுப்பையைக் கொண்டு நோயாளியே தம் தசையை அளக்கச் செய்கிறார். விசையைச் சிறுகச் சிறுகக் கூட்டும் பொறுமை இரண்டிலும் ஒன்றே.

ஆழ்தசைப் பயிற்சியின் முகமாக அறியப்படும் ஜல், அதற்கு முன்பே கைக்கலையில் தேர்ந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பதை அவர் விரலால் தொட்டே சொன்னார். நரம்பை மரக்கச் செய்யும் ஊசியால் அதைச் சரிபார்த்தபோது 20 பேரிலும் அவர் சொன்னது சரியாக இருந்தது. கைமுறையாளர்களுக்கு அது பெருமைக்குரிய நாள். ஆனால் 2007இல் வேறொரு குழு அதிக எண்ணிக்கையில் சோதித்தபோது, வலிக்குக் காரணமல்லாத மூட்டையும் விரல் அடிக்கடி குற்றவாளி என்று காட்டியது. பயிற்சியின் பக்கமும் இதே சிக்கல் உண்டு: ஆழ்தசை சோர்ந்ததால் வலி வந்ததா, வலி வந்ததால் ஆழ்தசை சோர்ந்ததா என்பதைக் காற்றுப்பையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஜல் குழுவினர் 2002இல் வெளியிட்டது. கழுத்திலிருந்து எழும் தலைவலியுள்ள 200 பேரை நான்கு பிரிவாக்கினார்கள்: கைமுறை மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல். ஆறு வாரச் சிகிச்சை; பன்னிரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுப்பு. கைமுறையும் குறைத்தது, பயிற்சியும் குறைத்தது, ஏறக்குறைய ஒரே அளவில். சேர்த்துப் பெற்றவர்களில் பத்துச் சதவீதம் போலக் கூடுதலானவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது; ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியைத் தொடவில்லை.

சமநிலை என்று எழுதி முடித்துவிடலாம் என்றால், ஐரோப்பாவின் இரண்டு ஆய்வுகள் குறுக்கே வருகின்றன. நெதர்லாந்தில் 2002இல் வெளியான சோதனையில் 183 பேர். ஏழாம் வாரத்தில் கைமுறை பெற்றவர்களில் 68 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். பயிற்சியை மையமாகக் கொண்ட பிசியோதெரபி பெற்றவர்களில் 51 சதவீதத்தினர். குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்பில் 36 சதவீதத்தினர். ஓராண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது கைமுறைக்கு 447 யூரோ, பிசியோதெரபிக்கு 1,297 யூரோ. கைக்கு இது தெளிவான வெற்றி. பின்லாந்தில் 2003இல் வெளியான சோதனையோ வேறு கதை சொல்கிறது. அங்கே 180 பெண் அலுவலக ஊழியர்கள். ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி வலுவாக இழுத்துப் பயின்ற பிரிவில், ஓராண்டு முடிவில் 73 சதவீதத்தினர் வலி பெருமளவு அல்லது முற்றிலும் போய்விட்டதாகச் சொன்னார்கள்; படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கி இறக்கிய பிரிவில் 59 சதவீதத்தினர்; நீட்டல் பயிற்சியும் பொதுவான உடல் அசைவும் மட்டும் செய்த பிரிவில் 21 சதவீதத்தினர். தசைக்கு இது தெளிவான வெற்றி.

எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம் என்பது என் முடிவு. அவை வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை. நெதர்லாந்தில் இரண்டு வாரம் வலித்தவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்லாந்தில் ஆறு மாதத்துக்கும் மேலாக வலி சுமந்தவர்களே வந்தார்கள். நெதர்லாந்தின் இடைவெளி ஓராண்டு முடிவில் சுருங்கிவிட்டது; பின்லாந்தின் பலனோ மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோதும் பெரும்பகுதி தங்கியிருந்தது. கை விரைவில் கொடுக்கிறது, பயிற்சி நின்று கொடுக்கிறது. அமெரிக்காவில் நாட்பட்ட கழுத்துவலியுள்ள 191 பேரிடம் பதினொரு வாரம் நடந்த சோதனையும் இதையே காட்டுகிறது: சிகிச்சை முடிந்த கையோடு கேட்டபோது வலியில் பெரிய வேறுபாடில்லை, இரண்டாண்டு கழித்துக் கேட்டபோது, பயிற்சி செய்தவர்கள் மேனிபுலேஷன் (சட்டென்று தள்ளும் அந்த ஐந்தாம் படி) மட்டும் பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

ஆனால் இந்த ஆய்வுகளின் முடிவுகளைவிட அவற்றின் செய்முறைப் பகுதியைப் படிப்பதே அதிகம் கற்றுத்தருகிறது. பின்லாந்தின் பயிற்சிப் பிரிவுகளில் இருந்த பெண்களுக்குத் தொடக்கத்தில் நான்கு முறை பிசியோதெரபி கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி மசாஜும் மூட்டசைப்பும். காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள்: வலி கடுமையாக இருப்பவர்களும் பயிற்சியைச் செய்ய இயல வேண்டும். தசையின் பெயரால் நடந்த சோதனைக்குள் கை இருந்தது. நெதர்லாந்தின் கைமுறைப் பிரிவிலோ, மூட்டசைப்போடு தசை ஒருங்கிணைப்பும் நிலைநிறுத்தலும் சேர்ந்தே இருந்தன. கையின் பெயரால் நடந்த சோதனைக்குள் தசை இருந்தது.

இந்தக் கலப்பு செய்முறையில் மட்டும் நிகழ்வதல்ல, உடலுக்குள்ளும் நிகழ்கிறது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு இதுவே. மிஷேல் ஸ்டெர்லிங், ஜல், ரைட் ஆகியோர் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலான மூட்டைக் கையால் அசைத்தார்கள். உடனே நோயாளிகளைக் காற்றுப்பைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். மேல்தசைகளின் தேவையற்ற இறுக்கம் தொடக்கப் படிகளில் குறைந்திருந்தது. ஒரு தசையைக்கூடப் பயிற்றுவிக்காமல், மூட்டைத் தொட்டே தசையின் நடத்தையை மாற்றியிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, ஷான் ஓலியரி குழுவினர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். கழுத்துவலியுள்ள பெண்களைத் தாடை இறக்கும் நுண்பயிற்சியைச் செய்யச் சொல்லி, உடனே மூட்டின்மேல் அழுத்திப் பார்த்தார்கள். முன்பு வலித்த அழுத்தத்தை இப்போது கழுத்து தாங்கியது. யாரும் மூட்டைத் தொடவில்லை; தசையை அசைத்தே மூட்டின் வலியைத் தணித்திருந்தார்கள். தசைக்குரிய வேலையைக் கை செய்கிறது. கைக்குரிய வேலையைத் தசை செய்கிறது.

அப்படியானால் இரண்டும் போய்ச் சேரும் இடம் மூட்டுமல்ல, தசையுமல்ல. வலியையும் அசைவையும் ஒருசேர ஆளும் நரம்பு மண்டலம். ஆனால் மூட்டைச் சட்டென்று தள்ளும்போது எழும் சொடக்குச் சத்தத்தை, எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நம்புவோர் இன்னும் பலர். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015இல், விரல் மூட்டைச் சொடக்கும்போதே எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி ஒன்று உருவாகும் தருணமே அந்தச் சத்தம் என்று தெரிந்தது. எலும்பு எங்கும் நகர்ந்து அமரவில்லை. முடிவெட்டிய பின் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கும் வழக்கம் நம் சலூன்களில் இன்றும் தொடர்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது முள்ளெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் மெதுவான அசைப்பே பலன் தருகையில் அந்த அபாயத்தை ஏற்கத் தேவையில்லை. பயிற்சியிலும் தீங்கு உண்டு, வேறு வகையில்: அளவு மீறினால் சில நாள் வலி கூடும், அதைக் கண்டு பயந்தவர் பயிற்சியையே விட்டுவிடுவார்.

விட்டுவிடுவது பயிற்சிக்கே உரிய பலவீனம். அதற்கு ஒரு நல்ல பதிலை டென்மார்க் கொடுத்தது. 2011இல் வெளியான சோதனையில், கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கும் 198 பேரில் ஒரு பிரிவினர் ரப்பர் கயிற்றோடு தினமும் பன்னிரண்டு நிமிடமும், இன்னொரு பிரிவினர் இரண்டே நிமிடமும் தோள் பயிற்சி செய்தார்கள். பத்து வாரத்தில் இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. கைமுறைக்கு உரிய பலவீனம் இதன் மறுபக்கம்: அதை விட முடியாமல் போவது. மேசையில் படுத்தால்தான் கழுத்து சரியாகும் என்று நம்பத் தொடங்கியவரின் கழுத்து, நாளாக நாளாக மேலும் அஞ்சத் தொடங்குகிறது.

இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா? நார்வேயின் ஃப்ரெடினும் லோராஸும் 2017இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சியோடு கையைச் சேர்ப்பது, பயிற்சியை மட்டும் செய்வதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்டெர்லிங், ஓலியரி ஆய்வுகளை அறிந்தவருக்கு இது ஏமாற்றமளிக்காது; ஒரே கதவை இருவர் தட்டினாலும் கதவு ஒருமுறைதான் திறக்கும். ஆனால் தொகுப்பாய்வு சராசரி மனிதரைப் பற்றிப் பேசுகிறது. மேசையில் படுத்திருப்பவர் சராசரி மனிதர் அல்லர். தலையைத் திருப்பவே முகம் சுளிப்பவரிடம் முதல் நாளே பயிற்சித் தாளை நீட்டி அனுப்பினால், பின்லாந்து ஆய்வாளர்கள் மறக்காமல் செய்த அந்த முதல் நான்கு அமர்வுகளை நாம் அவருக்கு மறுக்கிறோம். ஆறு வாரம் கடந்தும் மேசையில் படுத்து எழுவது மட்டுமே சிகிச்சையாக இருப்பவருக்கு, ரப்பர் பட்டையை யாரோ கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்; அதை அவரே கேட்டு வாங்கலாம்.