பேரின்பநாயகம், ஹன்டி

ஹன்டி பேரின்பநாயகம் (1899–1977) யாழ்ப்பாண ஆசிரியர், மாணவர் இயக்கத் தலைவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியரானார். 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடங்கினார். ஆங்கிலமும் ஐரோப்பிய உடையும் மதிப்பின் அடையாளமாக இருந்த மிஷன் கல்லூரிச் சூழலில் தேசிய உடை, தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு, முழுச் சுயாட்சி ஆகியவற்றை இவ்வியக்கம் கேட்டது. அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்த அதே மூச்சில் சொந்த ஊரின் சாதியையும் எதிர்த்ததே இதன் பெருந்துணிவு. பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சரிசமமாக அமர வேண்டும் என்றதற்கு உள்ளூரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் இவ்வியக்கத்தாரின் அழைப்பால்தான்.

இயக்கம் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறியது. பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு முழு விடுதலை தரவில்லை என்று 1931 அரசுப் பேரவைத் தேர்தலைப் புறக்கணிக்க அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனு அளிக்கவில்லை. தென்னிலங்கையோ வாக்களித்தது. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. தமிழரின் குரலை இப்புறக்கணிப்பு பறித்தது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இனவாரி ஒதுக்கீடு கேட்காமல் இலங்கை முழுவதற்கும் விடுதலை கேட்டவர்கள் இவர்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகப் பணியாற்றினார்.