ஏலம் கமழும் ஐஸ்கிரீம்

மணச்சரக்குகள் நம் நாட்டில் தொன்மையானவை. கோடைக்குளிர்ச்சியோ நெடுங்காலம் மன்னர்க்கும் செல்வர்க்குமே உரியதாய் இருந்தது. இவ்விரண்டும் ஒரு பாத்திரத்தில் கூடி, ஐஸ்கிரீமாக எளிய இல்லங்களுக்கும் வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. அவ்வாறு சேர்த்து வைத்தது நம் அடுக்களையில் என்றும் உள்ள உப்பே என்பது வியப்பன்றோ?

அக்பர் அவையின் அபுல் பசல் இயற்றிய 'அயினி அக்பரி'யில் இதன் முற்பகுதியைக் காணலாம். வெடிமருந்துக்குப் பயன்படும் வெடியுப்பை நீரில் கரைத்து, அதில் குடிநீர்க் குடுவையை அமிழ்த்திச் சுழற்றிக் குளிரச் செய்யும் முறையை அவர் விளக்குகிறார். 1586 முதல் வடபுல மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி கொண்டுவரப்பட்டதையும் குறிக்கிறார். சுண்டக் காய்ச்சிய பாலைக் கூம்பு வடிவ உலோக அச்சுகளில் அடைத்து, பனிக்கட்டியும் உப்பும் சூழ உறைவிக்கும் குல்பி வடநாட்டில் பெருவழக்காயிற்று.

தென்னாட்டுக்குப் பனிக்கட்டி கடல்வழியே வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து கட்டிகளை அறுத்துக் கப்பலேற்றினார். 1833இல் 180 டன்னுடன் புறப்பட்ட அவரது கப்பல், நான்கு மாதங்களுக்குப்பின் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அவ்வணிகத்துக்காக 1842இல் எழுந்த கட்டடமே 'ஐஸ் ஹவுஸ்'. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியமையால், இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

1843இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்னும் அம்மையார், கைப்பிடியால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். நடுவே பால் நிறைந்த உலோகப் பாத்திரம். சுற்றிலும் பனிக்கட்டியும் கல்லுப்பும். உப்புப் பட்ட பனிக்கட்டி உருகும். உருகுதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்து ஈர்த்துக்கொள்ளும். 3 பங்கு பனிக்கட்டிக்கு 1 பங்கு உப்புச் சேர்ப்பின், கலவை பூச்சியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் வரை குளிரும். இடைவிடாது சுழற்றுவதால் பால் கட்டிதட்டாமல் மென்மையாக உறையும்.

நாம் வாழும் புனே நகரில் இவ்வகை ஐஸ்கிரீம் 'பாட் ஐஸ்கிரீம்' என வழங்குகிறது. பாலோடு ஐஸ்கிரீம் கூடிய மஸ்தானி இந்நகரின் தனிச்சிறப்பு. கோஜாகிரிப் பௌர்ணமி இரவில் குங்குமப்பூ, ஏலம், சாதிக்காய் இட்ட மசாலாப் பாலை நிலவொளியில் வைத்துப் பருகுவது மராட்டியர் வழக்கம். அப்பாலையே நாம் உறைவிக்கலாம். 1 லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, 100 கிராம் சர்க்கரை, 6 ஏலக்காயின் பொடி, சிட்டிகை சாதிக்காய்ப் பொடி, சிறிது குங்குமப்பூ சேர்த்து, நன்கு ஆறியபின் வாளியிலிடுக. குளிரில் நாவின் சுவையுணர்வு மங்குமாதலின், இனிப்பும் மணமும் சற்று மிகுந்தே இருத்தல் வேண்டும்.

குளிர்பெட்டி வந்தபின் பல வீடுகளில் வாளி பரணேறிவிட்டது. கடைக் கிண்ணத்தை மட்டுமே அறிந்த நம் குழந்தைகள், பலர் கூடி உழைத்துப் பகிர்ந்துண்ணும் இன்பத்தை இழத்தலாகாது. போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் நம் ஏலம் மராட்டியப் பாலில் மணக்க, வரும் கோஜாகிரி இரவில் காலனிச் சிறுவர்கள் முறைவைத்துக் கைப்பிடி சுற்றட்டும்! அவர்தம் கை சோரும்போது அண்டை வீட்டு மராட்டிய அன்பர்களும் கைகொடுப்பர். முதற்கிண்ணம் அவர்களுக்கே ஆகுக!