உறை மோரில் ஒரு கத்தரிக்கோல்

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான் :-)

தயிர் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலேயே தயிர் பிசையும் பெண் வருகிறாள். ஆனால் பால் புளிப்பது நுண்ணுயிரால் என்று பாஸ்டர் சொன்னது 1857ல்தான். 1870களில் ஜோசப் லிஸ்டர் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ்.

அது பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது, பால் உறைகிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் பாக்டீரியா பெருக நைட்ரஜனும் வேண்டுமே? அது புரதத்தில்தான் இருக்கிறது. பசும்பாலில் புரதம் சுமார் 3.3 சதவீதம். அதில் ஐந்தில் நாலு பங்கு கேசீன். கேசீனை அப்படியே விழுங்க முடியாது. உதிரியாகக் கிடக்கும் அமினோ அமிலமோ ரொம்பக் கொஞ்சம். ஃபிக்ஸட் டெபாசிட்டில் கோடி ரூபாய், கையில் டீ குடிக்கக் காசில்லை என்கிற கதை!

இதற்காகவே பாக்டீரியா தன் வெளிச்சுவரில் ஒரு நொதியை வைத்திருக்கிறது. கேசீனை நறுக்கும் கத்தரிக்கோல் அது. சிறு துண்டுகளை உள்ளே இழுத்து, மேலும் நறுக்கி, அமினோ அமிலமாக்கிக்கொள்கிறது.

1970களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரி மெக்கேயின் ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. கத்தரிக்கோலுக்கான மரபணு இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில். வளையம் தொலைந்து போகலாம். தொலைத்தவை தனியாக விடப்பட்டால் பாலில் மெதுவாகத்தான் வளரும். கூட்டத்தில் இருந்தால் கவலையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் நறுக்கிப் போட்டதில் ஓசிச் சாப்பாடு! கத்தரிக்கோல் செய்யும் செலவும் மிச்சம்.

அப்படியானால் உழைப்பாளிகள் ஏன் அழிந்து போகவில்லை? 2011ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு விடை சொன்னது. பாலில் பாக்டீரியா நெருக்கமாக இருந்தால் ஓசிக்காரர்கள் ஜெயிக்கிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், நறுக்கியவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான், அவன் ஜெயிக்கிறான்.

வீட்டுத் தயிரில் பல இன பாக்டீரியா உண்டு, அந்தச் சோதனை ஓர் இனத்தை வைத்து நடந்தது. ஆனாலும் எங்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்துப் பாட்டிகள் உறைக்கு ஒரு சொட்டு மோர் போதும் என்று சொல்வதை இனிமேல் சும்மா சிக்கனம் என்று நினைக்க மாட்டேன். முதலீடு சிறிதாக இருக்கும்போதுதான் உழைப்பவனுக்கு லாபம் போய்ச் சேர்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் இது இல்லை!