ஐந்து டிகிரியைத் தாண்டிய தொட்டி



ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டு, நாலு நாள் கழித்து உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை பொறுக்காது. மேலே தொட்டால் சில்லென்று இருக்கும்; உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாத சூடு மேலும் சூட்டை வளர்க்கும். இது நமக்குப் பாட்டன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இதே விஷயத்தை ஒரு பெரிய தொழிற்சாலை அலட்சியம் செய்ததால் ஒரு நகரமே நிலைகுலைந்த கதையை இன்று சொல்லப் போகிறேன்.

செவின் தூள் என்றால் நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பருத்தியில் காய்ப்புழுவுக்குப் போட்ட மருந்து. அதன் ரசாயனப் பெயர் கார்பரில். மத்தியப் பிரதேசத்தில் போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு கம்பெனி இதைத் தயாரித்தது. தயாரிப்பதற்கு மீதைல் ஐசோசயனேட் என்ற திரவம் வேண்டும். 1980 முதல் அதையும் போபாலிலேயே உற்பத்தி செய்து, பெரிய எஃகுத் தொட்டிகளில் சேமித்து வைத்தார்கள்.

இந்தத் திரவத்துக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, 39 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் சித்திரை வெயிலே அதற்குப் போதும். இரண்டாவது, தண்ணீர் பட்டால் சூடேறும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அந்த மாதிரி. அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். அதனால்தான் இதை 0 முதல் 5 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்று விதி. 11 டிகிரியைத் தாண்டினால் அபாய மணி அடிக்கும்படி ஏற்பாடு. குளிர வைக்கத் தனியாக எந்திரமும் இருந்தது.

ஏன் 5 டிகிரி என்று கேட்பீர்கள். குளிர்ச்சியாக இருந்தால், தவறிப்போய்த் தண்ணீர் புகுந்தாலும் வினை மெதுவாகத்தான் நடக்கும். கண்டுபிடித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசந்தாங்க உயிர்.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர், போபால் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று தம்முடைய சிறிய வாரப் பத்திரிகையில் எழுதினார். கேட்பார் இல்லை. மருந்து விற்பனை குறைந்தது; செலவைக் குறைக்க ஆரம்பித்தார்கள். 1984 மத்தியில் குளிரூட்டும் எந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். தொட்டியின் வெப்பம் 15, 20 டிகிரி என்று நின்றது. எப்போதும் 11-க்கு மேலேயே இருந்தால் அபாய மணியால் என்ன பிரயோஜனம்?

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. 610-ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் திரவம் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. குழாய் கழுவிய தண்ணீர் என்றார்கள் தொழிலாளர்கள். யாரோ வேண்டுமென்றே விட்டது என்றது கம்பெனி. எப்படிப் போயிருந்தாலும், உள்ளே குளிர்ச்சி இல்லை. சூடு சூட்டை வளர்த்தது. வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியதாகப் பின்னால் கணக்கிட்டார்கள். வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் சாதனம் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. நள்ளிரவு தாண்டியதும் வாயு வெடித்துக் கிளம்பி, எதிரே இருந்த குடிசைகளின் மேல் இறங்கியது.

தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் இருமிக்கொண்டே எழுந்து, கண் தெரியாமல் ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்செல்லாம் விஷம். பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த சாவு மட்டும் 3,787. உண்மையில் இன்னும் பல ஆயிரம் என்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அரசுக் கணக்குப்படியே 5 லட்சத்துக்கு மேல். 1989-ல் கம்பெனி 47 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது. போன உயிர் வருமா?

அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989-ல் அபாயகரமான ரசாயனங்களைத் தயாரிப்பதற்கும் சேமிப்பதற்கும் விதிகள். அபாயச் சரக்கு ஏற்றும் லாரியில் குறி இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற விவரம் டிரைவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் 1989-ல் வந்த விதிதான். கார்பரிலையே 2018-ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது.

நம் வீட்டில் 40 டன் தொட்டி இல்லை, உண்மைதான். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் மருந்து டப்பா இருக்கிறது. நெல் குதிருக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரம் பட்டாலே விஷ வாயுவைக் கக்கும். டப்பாவில் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருப்பது அழகுக்காக அல்ல. அந்த மாதிரி ஒரு வரியை மதிக்காததால்தான் போபாலில் அந்தத் துயரம் நேர்ந்தது. மருந்தைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். அடுப்பு, வெயில், ஈரம் மூன்றும் அண்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.