பக்தாத் வீழ்ந்த பின் அண்டை அரசுகள்

ஹிஜ்ரி 656இல் (கி.பி. 1258) ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதை அழித்து, கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றது. அடுத்தது யார் என்னும் அச்சம் அண்டை அரசுகளைப் பற்றிக்கொண்டது. மோசூலின் முதிய ஆட்சியாளர் பத்ருத்தீன் லுஃலுஃ முன்பே பணிந்திருந்தார். அர்மீனிய மன்னர் ஹெதூமோ மங்கோலியருடன் சேர்ந்தே போரிட்டார்.

டமாஸ்கஸின் சுல்தான் நாஸிர் யூசுஃபின் நிலைதான் பரிதாபத்திற்குரியது. ஸலாஹுத்தீன் அய்யூபியின் கொள்ளுப்பேரரான இவர், முதலில் தம் மகனைப் பரிசுகளுடன் ஹுலாகுவிடம் அனுப்பினார். பிறகு எதிர்க்க எண்ணினார். எகிப்தின் உதவியையும் நாடினார். எதிலும் உறுதியில்லை. 1260 ஜனவரியில் அலெப்போ வீழ்ந்ததும் டமாஸ்கஸைக் கைவிட்டு வெளியேறினார். பின்னர் மங்கோலியரிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார்.

எகிப்தின் சுல்தான் குதுஸ், சரணடையக் கோரி வந்த தூதர்களைக் கொன்றார். தூதரைக் கொல்லலாகாது என்பதே மார்க்க நெறி. அதை இங்கே மறைப்பதற்கில்லை. எதிரி வரும்வரை காத்திராமல் அவரே பலஸ்தீனம் நோக்கிப் புறப்பட்டார். அக்காவிலிருந்த சிலுவைப் படையினர் கூட்டுச் சேர இசையவில்லை. ஆயினும் வழிவிட்டனர், உணவும் அளித்தனர். அவர்களின் சைதா நகரை மங்கோலியர் சூறையாடியிருந்தனர் அல்லவா! ஹுலாகுவும் பெரும்படையுடன் கிழக்கே திரும்பியிருந்தான். ரமழான் 25 அன்று (1260 செப்டம்பர் 3) ஐன் ஜாலூத்தில் மங்கோலியத் தளபதி கித்புகா வீழ்ந்தான்.

குதுஸ் கெய்ரோ திரும்பவில்லை. வழியிலேயே தம் தளபதிகளால் கொல்லப்பட்டார். பைபர்ஸ் அரியணை ஏறினார்.