கிறிஸ்தவத்தின் யூத வேர்கள்: கண்டி மலைநாட்டு வரலாறு

கிறிஸ்தவம், கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமை ஆட்சிக்குட்பட்டிருந்த யூதேயாவிலும் கலிலேயாவிலும் யூத சமயத்துக்குள்ளேயே தோன்றிய இயக்கம். இயேசுவும் மரியாளும் பன்னிரு அப்போஸ்தலரும் யூதர்கள். தோராவையும் தீர்க்கதரிசிகளையும் வாசித்து விளக்கும் தொழுகைக்கூட வழக்கமே கிறிஸ்தவ வழிபாட்டில் வேதவாசகமாகவும் பிரசங்கமாகவும் தொடர்கிறது. உயிர்த்தெழுதல் விழா யூதரின் பாஸ்காவிலிருந்து வளர்ந்தது. 150 சங்கீதங்களும் அவர்கள் பாடிய செபங்களே.

பிரிவும் உறவும்

யூதரல்லாதோர் விருத்தசேதனமின்றிச் சபையில் சேரலாம் என்று ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேம் சங்கம் முடிவு செய்தது. 70இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தனர். அதன்பின் இரு சமூகங்களும் படிப்படியாக விலகின. எபிரேய வேதத்தை முற்றாகத் தள்ளிவிட விரும்பிய மார்சியோனை உரோமைச் சபை 144இல் விலக்கியது. பழைய ஏற்பாடு கிறிஸ்தவர்களின் கையில் நிலைத்ததற்கு இந்த உறுதி முக்கிய காரணம். காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டது என்று உரோமருக்கு எழுதிய பவுல், வேரே கிளையைத் தாங்குகிறது என்பதையும் நினைவூட்டினார்.

தமிழில் யூத வேதம்

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த நிலையில் 1719இல் அவர் காலமானார். எஞ்சிய பகுதியை சூல்ட்சே 1728இல் நிறைவு செய்தார். பப்ரிசியுசின் பழைய ஏற்பாடு 1796இல் வெளிவந்தது. ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களாகவே ஆயினர்.

கண்டியில்

கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள் 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் ஆதரவைப் பெற்று, 1711இல் கண்டியிலேயே காலமானார். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் விவிலிய வரலாற்றைச் சிங்களத்தில் எழுதினார். அவருடைய தமிழ் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்கால வாசிப்பாக நிலைபெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர்களும் இம்மலைகளுக்கு வந்தனர். ரொத்சைல்ட் குடும்ப உறவினரான வேம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் நடத்தினர். ஆயினும் யூத வேதம் தோட்டங்களை எட்டியது தமிழ் உபதேசியார்கள் வழியாகத்தான். தெல்தெனிய அமைந்த தும்பறைப் பள்ளத்தாக்கு உட்படக் கண்டியைச் சூழ்ந்த பகுதிகளில் கோப்பி பரவிய காலத்தில், 1854இல், தோட்டத் தமிழருக்கான ஆங்கிலிக்கன் மிஷன் ஊழியம் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். எகிப்தில் அடிமைப்பட்ட மக்களின் விடுதலை வரலாறு, கங்காணி முறையின் கீழ்க் கடன்பட்டு உழைத்தவர்களிடம் இவ்வாறு வந்து சேர்ந்தது.

இன்றைய நிலை

நூற்றாண்டுகளாகப் பல நாடுகளில் இயேசுவின் பாடுகளின் வரலாறு யூதர்மேல் வெறுப்பை வளர்க்கப் பயன்பட்டது. இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிவித்தது. இன்று கத்தோலிக்க பாஸ்கா திருவிழிப்பில் செங்கடல் கடந்த வாசகம் ஒருபோதும் விடப்படுவதில்லை. யூதரின் விடுதலையை முதலில் கேட்காமல் இயேசுவின் உயிர்ப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. கிறிஸ்தவர் ஒருவர் யூதரை இகழ்வது தம் விசுவாசத்தின் ஊற்றையே இகழ்வதாகும்.